ஒன்பது மரத்துப் புல்லுருவி

ஒன்பது மரங்களையும் காட்டிக் கொடுத்தது அவள்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை. சாலைத் துறையில் பத்து வருடமாகக் கிளை கழிக்கிறவள் அவள். கையில் எந்நேரமும் கொக்கி வைத்த நீளக் கழி இருப்பதால் எல்லோருக்கும் அவள் தொரட்டி. புல்லுருவி பிடித்த மரங்கள் எவை என்று எழுதிக் கொடுக்கும்படி ஆபீசில் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாடா, இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியது யார் காதிலோ விழுந்துவிட்டது, ஏறிச் சுத்தம் செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தாள். வயல்களுக்கு நடுவே போகிற சாலையில் நடந்து நடந்து ஒன்பதை எண்ணினாள். கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்தது அவள், கெடப்போவது மரம்.

வியாழக்கிழமை காலையில் பார்த்தால் ஒன்பது அடிமரத்திலும் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி.

நடந்தது இதுதான். சூப்பர்வைசர் ஜீப்பில் வந்தார், ஜீப்பிலேயே போனார். மரங்கள் இலை உதிர்த்து நிற்கிற மாதம். சொந்த இலை ஒன்றுகூட இல்லாத தலையில் புல்லுருவி மட்டும் தடித்த இலையோடு பச்சைப் பசேலென்று தொங்கினால், ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? மரம் செத்துப்போச்சு, ஒட்டிக்கொண்டது மட்டும் உயிரோடு இருக்கிறது என்று தோன்றும். அவருக்கும் தோன்றியது, எழுதிவிட்டார். இரண்டு மாதம் கழித்து வந்திருந்தால் தழைத்து நிற்கிற மரத்தில் புல்லுருவியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவரிடம் நாள் கிழமை பார்க்கச் சொல்லி என்ன பயன்?

அவள் நேராக ஆபீசுக்குப் போய்ச் சூப்பர்வைசர் முன்னால் நின்றாள்.

"சார், மரம் சாகலை. இலையை உதிர்த்துட்டு நிக்குது, அவ்வளவுதான்."

"நீதானேம்மா எழுதிக் கொடுத்தே?"

"சுத்தம் பண்ணச் சொல்லி எழுதினேன். கொல்லச் சொல்லியா எழுதினேன்?"

"ஆர்டர் வந்தாச்சு. திங்கட்கிழமை வெட்டு. போய் வேலையைப் பாரு."

மேஜை மேல் கிடந்த ஆர்டரை அவள் நின்றபடியே படித்தாள். இரண்டே வரி. புல்லுருவி பற்றியுள்ள மரங்களை மட்டும் வெட்டி அகற்றவும். அது இல்லாத எந்த மரத்திலும் கை வைக்கக் கூடாது. போன வருடம் ஒரு காண்ட்ராக்டர் அகப்பட்ட மரத்தையெல்லாம் சாய்த்து, விஷயம் கோர்ட்டு வரை போனதால் வந்த இரண்டாவது வரி அது. அவள் அதை இன்னொரு முறை படித்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அவள் கணவன் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னதும் மிதிப்பதை நிறுத்தினான். "நம்ம பொழப்புக்கு நீயே உலை வெச்சுடாதே" என்றான்.

"அந்தக் காகிதத்துல இருக்கிறது என் கையெழுத்து. அந்த ரோட்டுல இனிமே நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நடப்பேன்?"

சோற்றுத் தட்டோடு அங்கே உட்கார்ந்திருந்த கொழுந்தன் சிரித்தான். அவன் மரம் வெட்டும் காண்ட்ராக்டரிடம் ரம்பம் ஓட்டுகிறவன். "அண்ணி, திங்கட்கிழமை அந்த மரத்தையெல்லாம் அறுக்கப்போறதே நான்தான்."

"நீ உன் மெஷினைத் தீட்டு, நான் என் அரிவாளைத் தீட்டறேன். யாரு முந்தறாங்கன்னு பார்த்துடலாம்."

"எங்க அண்ணி சோறு போட்டுக்கிட்டே சண்டைக்கு இழுப்பாங்க" என்று சொல்லி அவன் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். கணவன் அவள் மரமேறும் பேன்ட்டை எடுத்து, முழங்காலில் இரட்டைத் துணி வைத்துத் தைக்க ஆரம்பித்தான்.

வெள்ளி, சனி லீவு போட்டு, ஞாயிறும் சேர்த்து மூன்று நாளும் ஏறினாள். புல்லுருவியை மேலோடு பிய்த்துப் போட்டால் அது மறுபடி சிரித்துக்கொண்டு முளைக்கும். வேர் கிளைக்குள்ளே ஓடியிருக்கும். ஒட்டின இடம் முட்டி வீங்கினதுபோல இருக்கும். அதற்கு ஒரு முழம் உள்ளே தள்ளிக் கிளையோடு எடுக்க வேண்டும். இவ்வளவு வம்பையும் இழுத்துவிடுவது கட்டைவிரல் அளவு குருவி ஒன்று. பழத்தைத் தின்றுவிட்டு, பின்பக்கம் ஒட்டின விதையைக் கிளையில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பறந்துவிடும். துடைக்க அதற்கு வேறு இடமா இல்லை என்று திட்டிக்கொண்டே அறுத்தாள். உள்ளங்கையில் பிசின் அப்பியது, தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு மரம் முடிந்திருந்தது. இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். இருந்த பச்சையும் போய், எட்டு மரமும் எரிந்து முடிந்த விறகாக நின்றன. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "செத்த மரத்துக்கு எதுக்கும்மா முடி வெட்டறே?" என்று கேட்டார். அவள் ஒரு சிறு கிளையில் நகத்தால் பட்டையைக் கீறிக் காட்டினாள். உள்ளே ஈரப்பச்சை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு மணியடித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஒன்பதாவதில் ஏறினாள். ஐந்து கொத்து எடுத்தாயிற்று. கடைசிக் கொத்து, சாலைக்கு மேல் நீண்ட கிளையின் நுனியில் உட்கார்ந்திருந்தது. அவள் கனத்தை அந்த நுனி தாங்காது. கிளையையே அடியில் அறுக்க வேண்டியதுதான் என்று கயிற்றை இறுக்கிக்கொண்டு கைரம்பத்தை வைத்தபோது, கீழே ஜீப்பும் லாரியும் வந்து நின்றன.

"யாரைக் கேட்டு ஏறினே? இறங்கு!" சூப்பர்வைசரின் குரல் ஜீப்புக்குள்ளிருந்து வந்தது.

"முடிச்சுட்டு இறங்கறேன் சார்."

"இப்ப இறங்கலைன்னா நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாம்!"

பத்து வருடம். கணவன் சொன்ன உலை இதோ கொதிக்கிறது. ரம்பம் மட்டும் நிற்கவில்லை.

"சரி சார், வரலை. ஆனா ஜீப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. கிளை விழப்போற இடத்துல நிக்குது."

டிரைவர் யாரையும் கேட்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். மடமடவென்று சத்தம், பிறகு புழுதி. கொத்தோடு கிளை நடுரோட்டில் கிடந்தது.

"வெட்டுடா!" என்றார் சூப்பர்வைசர்.

கொழுந்தன் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தான். அண்ணாந்து பார்த்தான். பிறகு ரம்பத்தைக் கீழே வைத்தான்.

"எதை சார் வெட்டறது? புல்லுருவி இருந்தாத்தானே வெட்டச் சொல்லி ஆர்டர்? இந்த மரத்துல இல்லை."

"நேத்து வரைக்கும் இருந்ததேடா! குறி போட்டிருக்கு பாரு!"

"குறி நீங்க போட்டது சார். இல்லாத மரத்துல கை வெச்சா எங்க காண்ட்ராக்டர் என்னைத் தொலைச்சுடுவார். கை வைக்கலாம்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, உடனே வெட்டறேன்."

சூப்பர்வைசர் பேனாவை எடுக்கவில்லை. போனில் யாருடனோ பேசினார், வியர்த்தார். மற்ற எட்டு மரத்தையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அரை மணி நேரம் கழித்து ஜீப் வந்த வழியே திரும்பியது. லாரியும் பின்னாலேயே போனது.

"அண்ணி, இறங்குங்க. எல்லாரும் போயாச்சு."

"நீ போயிட்டியா?"

"நான் இங்கதானே நிக்கறேன்."

"அப்ப மெஷினைத் தூக்கிட்டு நீயும் கிளம்பு. அந்த வளைவைத் தாண்டு. அப்புறம் இறங்கறேன்."