பச்சைப் புடவையில் மருள்

எங்கள் நகரிப் பக்கம் மருள் என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. அம்மன் ஒருத்தர் மேல் இறங்கி ஆடினால் அது மருள். அதுதான் முதல் அர்த்தம். ஆனால் அதை அம்மனுக்கு மட்டும் என்று யார் பூட்டி வைத்தார்கள்? பொங்கலுக்கு முன்னால் ஒருத்தி பரண் மேல் ஏறி, பானை சட்டியெல்லாம் கீழே தள்ளிக் கழுவினால், "அவளுக்கு மருள் வந்துடுச்சி" என்போம். டென்ட் கொட்டகையில் சண்டைக் காட்சி வந்ததும் பெஞ்சு மேல் ஏறி விசில் அடிப்பவனுக்கும் மருள். கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் துள்ளும் கன்றுக்குட்டிக்கும் மருள். ஆந்திராவா மெட்ராஸா என்று எல்லைத் தகராறு நடந்த வருஷங்களில் ஆண்களெல்லாம் தறியை விட்டு இறங்கிப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, அப்போது ஊருக்கே மருள்.

எங்கள் வீட்டில் மருளுக்குச் சொந்தக்காரர் என் வீட்டுக்காரர். பேரைச் சொல்ல மாட்டேன். கட்டியவர் பேரைச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. மகள் பேர் சுந்தரி, அதனால் எனக்கு அவர் சுந்தரி நைனா. குழம்பில் உப்புக் குறைந்தால் அவருக்கு மருள் வரும். தறியில் நூல் அறுந்தாலும் வரும். ஒன்றுமே நடக்காவிட்டால், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று வரும்.

மருள் வந்தவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். எதிர்த்துப் பேசக் கூடாது. ஒரு சொம்புத் தண்ணீரை முன்னால் வைத்து, யார் வந்திருக்கிறது, என்ன வேண்டும் என்று பணிவாகக் கேட்க வேண்டும். நானும் அதைத்தான் செய்வேன். அவர் குதிக்கும்போது சொம்பைக் கொண்டுவந்து வைத்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன்: "யாரு வந்துருக்கறது? இன்னா ஓணும்?" அவர் முறைப்பார். மீசை துடிக்கும். அப்புறம் மெதுவாக, "மோர் ஓணும்" என்பார். இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். அத்தோடு மருள் இறங்கிவிடும்.

அறுபதாம் வருஷம் என் சொம்பு தோற்றுப்போனது. அந்த வருஷம்தான் எல்லைக் கோட்டை ஒருவழியாகப் போட்டு முடித்தார்கள். திருத்தணி மெட்ராஸோடு போனது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. திருத்தணி என் தாய்வீடு. அங்கே இருக்கும் என் அண்ணன் எத்திராஜின் மகன் திருவேங்கடம்தான் சுந்தரிக்கு முறை மாப்பிள்ளை. தை மாதமே தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. என் அண்ணனும் என் வீட்டுக்காரரும், மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லித் தண்டவாளத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து கத்தியவர்கள். அந்தப் பாசத்தில் என் அண்ணன், செய்தி வந்த மறுநாளே கூடை நிறைய பூந்தியோடு ரயிலேறி வந்து வாசலில் நின்று கூவினார்: "மச்சான்! ஜெயிச்சிட்டோம்!"

நல்ல மனுஷர்தான். புத்திதான் கொஞ்சம் மட்டு.

"யாரு ஜெயிச்சது?" என்று இவர் தறியிலிருந்து எழுந்தார். "ஒண்ணா குந்திக்கினு இருந்தோம். நீ மட்டும் எழுந்து போய்ட்டே. என்னை நடுவழியில உட்டுட்டு, எங்கிட்டயே பூந்தி எடுத்துக்கினு வர்றியா?"

கூடை பறந்தது. பூந்தி முற்றமெல்லாம் சிதறியது. தெருக் கோழிகளுக்கு அன்றைக்குத் தீபாவளி. நான் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் இவர் சாமி மாடத்தில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டார். "திருத்தணிக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்! இது சத்தியம்!"

கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை மனுஷர் எடுக்க முடியாது. அம்மன் வாயால் உத்தரவு வந்தால்தான் உண்டு. என் அண்ணன் காலிக் கூடையோடு திரும்பிப் போனதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

சுந்தரி அழவில்லை. ராட்டையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டே ஒருநாள் கேட்டாள்: "மா, நைனாவுக்கு மருள் எறங்கிடும்ல?"

"எறங்கிடும்" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. இவரோ, சாயங்காலம் திருத்தணிப் பக்கம் போகும் ரயில் ஊதினால் தறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். அப்புறம் என்னைப் பார்த்தால் வேகமாக நெய்வார். தும்பை விட்டு வாலைப் பிடித்தவர் படும் பாடு எனக்குப் புரிந்தது. ஆனால் வீறாப்பு விடவில்லையே!

இதற்கு நடுவில் திருப்பதி கங்கம்மா ஜாத்திரை வந்தது. எல்லைத் தகராறு தீர்ந்தால் கங்கம்மாவுக்குப் புடவை கட்டி வேஷம் போடுகிறேன் என்று இவர் முன்பே வேண்டிக்கொண்டிருந்தார். எப்படித் தீர வேண்டும் என்று மட்டும் அம்மனிடம் சொல்ல மறந்துவிட்டார். அம்மனும் தன் இஷ்டத்துக்குத் தீர்த்துவைத்துவிட்டாள். வேண்டுதல் வேண்டுதல்தானே? அந்த ஜாத்திரையில் ஆண்கள் புடவை கட்டிப் பூ வைத்துக்கொண்டு போவது காலங்காலமாக நடப்பது. மூன்று பேரும் புறப்பட்டுப் போய், கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஜெயம்மா வீட்டில் இறங்கினோம். ஜெயம்மா எங்கள் உறவுதான். திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்ததால் பாதி தமிழ், பாதி தெலுங்கு.

"எந்தப் பொடவை கட்டிக்கறே?" என்று கேட்டேன்.

"அந்தப் பச்சைப் பொடவை எடு மே. அதான் லட்சணமா இருக்கும்."

அந்தப் பச்சைப் புடவை என் அண்ணன் பொங்கல் சீராகக் கொடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். ஜெயம்மா அவருக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். பொட்டு, பூ, கண்ணாடி வளையல், அதற்கு மேல் அந்த மீசை! சுந்தரி வெகு நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

கோயில் தெருவில் கால் வைக்க இடமில்லை. டப்பு மேளத்தின் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. எங்களுக்கு முன்னால் கீரை விற்கும் ஒருத்திக்கு மருள் வந்து, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரை "ஒரேய்!" என்று, நம் 'அடேய்' போல, பேர் சொல்லிக் கூப்பிட்டு மிரட்டிக்கொண்டிருந்தாள். அவர் கைகட்டி நின்றார். அம்மன் கூப்பிட்டால் யாராக இருந்தால் என்ன?

அப்போதுதான் வேஷம் போட்ட இன்னொரு ஆள் இவருடைய முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "பொடவை ஜோரா கீதே, எங்க எடுத்தது?" என்று கேட்டான்.

இவர் இடுப்பில் கைவைத்து நின்றார். முகமெல்லாம் பெருமை. "எம் மச்சான் குடுத்தது. திருத்தணிப் பொடவை. சரிகை எப்டி கீது பாரு!"

எனக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது. கொண்டை அவிழ்ந்தது தெரியாது. கத்தியது நான்தானா என்றும் தெரியாது.

"யோவ் சுந்தரி நைனா! எங்கண்ணன் குடுத்த பொடவை இனிக்குது, அவரு பெத்த புள்ள கசக்குதா? திருத்தணி சரிகை ஆவும், திருத்தணி மாப்பிள்ளை ஆவாதா? கோடு போட்டது எவனோ! அதை எம் பொண்ணு கழுத்துக்குக் குறுக்கால இழுக்கறதுக்கு நீ யாருய்யா?"

டப்புக்காரர்கள் என் பக்கம் ஓடி வந்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஜெயம்மா, "அம்ம ஒச்சிந்தி! அம்மா வந்துட்டா!" என்று அலறிக்கொண்டு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரல! நான் இந்திராணி! எவளும் எம் மேல வரல!"

"அம்மன் மொதல்ல அப்டித்தான் மறைப்பா" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார். நான் மறுக்க மறுக்க டப்பு வேகமானது. ஆத்திரத்தில் காலை உதைத்தேன். அது ஆட்டம் போலவே இருந்திருக்கும்.

அப்போது இவர், பச்சைப் புடவையோடு, பூவோடு, மீசையோடு, நடுத்தெருவில் என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! யாரு வந்துருக்கறது? இன்னா ஓணும்?"

அந்தக் கேள்வியை நான் அவரிடம் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகை பொங்கிவிட்டது.

"யாரும் வரல, நான்தான்! சுந்தரிய எங்கண்ணன் மவனுக்குக் குடு! அந்தப் பாழாப்போன சத்தியத்த எடு!"

"உத்தரவு தாயே!" என்று எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டமே கும்பிட்டது. சுந்தரி தாவணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மறுநாள் மத்தியானம் ரயிலில் திரும்பினோம். சுந்தரி ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மன் பேரைச் சொல்லி ஏமாற்றியது போல இருந்தது. புத்தூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். "இதோ பாரு. எனக்கு நெஜமாவே மருள் வரல."

வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டிருந்த இவர் நிமிரக்கூட இல்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"சாமி வந்திருந்தா 'ஒரேய் நாகபூஷணம்'னு கூப்ட்டிருக்கும்." அவர் வாயால் சொன்னதால்தான் அந்தப் பேரை இங்கே எழுதுகிறேன். "நீ அந்த ஆத்திரத்துலயும் 'சுந்தரி நைனா'ன்னே. எந்தச் சாமி மே என்னை அப்டி கூப்புடும்?"

"அப்ப எதுக்குய்யா கால்ல உழுந்தே?"

"தண்டவாளத்துல குந்தினவன் தானா எப்டி எழுந்துக்கறது? ஒருத்தர் வந்து கையப் புடிச்சி இழுக்க ஓணும்ல?" ஒரு கடலையை உரித்து என் கையில் வைத்தார். "ஊரே அம்மன்னுச்சி. நீ ஒருத்திதான் இல்லேன்னே. நான் ஊரு பக்கம் நின்னுட்டேன்."

அந்த மனுஷரை அடிப்பதா கொஞ்சுவதா என்று தெரியாமல் கடலையைத் தின்றேன்.

ஆனியில் திருத்தணியில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் நாயனமும் தவிலும் உச்சத்துக்குப் போனதும், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இவர் இறங்கிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு அப்படி ஒரு ஆட்டம்! தவில்காரரே சளைத்துப்போனார். "மச்சானுக்கு மருள் வந்துடுச்சி!" என்று என் அண்ணன் கை தட்டிக் குதித்தார். நான் விடுவேனா? ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து முன்னால் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

"யாரு வந்துருக்கறது?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "சுந்தரி நைனா."

"இன்னா ஓணும்?"

ஒற்றைக் கண்ணைத் திறந்து என் அண்ணனைப் பார்த்தார்.

"பூந்தி ஓணும்."