சோதனைக்கு எடுத்தது

பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. இளம்பரிதி நிமிர்ந்து பார்த்தான். களத்தோரப் புளியமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றிருந்தது. தங்கை சோபனா இறங்கினாள். கையில் துணிக்கடைப் பை, அதற்குள் கோடி வேட்டி. அவள் கணவன் நவநீதன் கார்க் கதவைப் பிடித்தபடி, வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். கல்யாணமாகிப் போன பின் அவள் இந்தக் களத்தை மிதிப்பது இதுதான் முதல் முறை.

பெரியப்பா மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடுவில் வந்து நின்றார்.

"அங்கயே நில்லும்மா. பாக்கறதுன்னா அங்கிருந்து பாரு."

"வாய்க்கரிசி மட்டும் போட்டுட்டுப் போயிடறேன் பெரிப்பா."

"அதத்தான் வேணாம்னான் எந்தம்பி. அவ கையால ஒரு பருக்க அரிசி எவ் வாயில வுழக்கூடாதுன்னு மாரியாயி கோயில்ல நின்னு சொன்னான். ஊரே கேட்டுச்சு. இனிமே அவன் வாயத் தொறந்து மாத்திச் சொல்லப் போறதில்ல. நான்தான் காப்பாத்தணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அப்பா குப்புராஜ் அப்படிக் கத்தியபோது இளம்பரிதியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். வேறு சாதிப் பையனை ஓசூரில் வைத்துக் கட்டிக்கொண்டாள் என்ற சேதி வந்த அன்று நடந்தது அது.

"மாத்திச் சொல்லிட்டாருங்க பெரிப்பா," என்றான். "நேத்து காத்தால சொன்னாரு. வரச் சொன்னாரு."

"யாருகிட்ட சொன்னான்?"

"எங்கிட்ட."

"செத்தவன் வாயில எத வேணா வெக்கலாம் பரிதி." மாரப்பன் குரலை உயர்த்தவில்லை. "ஊர்ல ஒரு கண்ணாலம் வுட மாட்ட, ஒரு எழவு வுட மாட்ட, எல்லாத்தையும் புடிப்ப. உங்கப்பன் சொன்னத மட்டும் புடிக்கிலியா?"

"புடிச்சேங்க. படம் இருக்குது. சத்தம் வரல."

பந்தலுக்குள் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சிரிக்க வேண்டியதுதான். ஏரியூர்ப் பக்கம் வீடியோ எடுப்பவர்கள் பலர் இருந்தாலும், சத்தம் சுத்தமாக வேண்டுமென்றால் இளம்பரிதியைத்தான் கூப்பிடுவார்கள். கொட்டு மேளத்துக்கு நடுவில் மாப்பிள்ளை பெண்ணிடம் கிசுகிசுப்பதைக்கூடத் தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் பெற்ற அப்பனை ஊமைப் படமாக எடுத்து வைத்திருக்கிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

நேற்று காலை போனில் கேட்டவள் சோபனாதான். "அவரு எங்கிட்ட பேசக்கூட வேணாம்ணா. வேற யாருகிட்டயாவது பேசறப்ப புடிச்சி அனுப்பு. கொரலு கேட்டாப் போதும்." அப்பாவுக்கு நெஞ்செல்லாம் சளி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். திருட்டுத்தனமாக எடுக்க மனம் வராமல் அவரிடமே விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"நீங்களே போன்ல பேசிடுங்களேன்ப்பா."

"போன்ல வேணாம். அவ அழுவா. அப்பறம் நானும் அழுவணும். நீ அதுல புடிச்சிக் குடு."

அது என்றால் அவனுடைய கிம்பல் கேமரா. ஒரு கைக்குள் அடங்கிவிடும். பிடித்திருக்கும் கை எவ்வளவு ஆடினாலும் அதன் தலை ஆடாது; ஒரு முகத்தைக் காட்டிவிட்டால் அந்த முகம் போகும் பக்கமெல்லாம் தானே திரும்பும். அதை முக்காலிமேல் நிறுத்தி, சின்ன மைக்கை அப்பாவின் துண்டில் செருகினான். மைக்கில் பச்சை விளக்கு புள்ளியாக எரிந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டான். காதில் கேட்காமல் எதையும் பதியக் கூடாது என்பது தொழிலில் அவன் பட்டுக் கற்றது.

"எதாவது பேசுங்கப்பா. சத்தம் சரியா வருதான்னு பாக்கணும்."

"என்னத்தப் பேசறது?"

"எது வேணா. யாரையாவது கூப்புடற மாதிரி கூப்புடுங்க."

அப்பா கதவு வழியாகக் களத்தைப் பார்த்தார். மிச்சமிருந்த மூச்சையெல்லாம் கூட்டி, கொல்லைமேட்டில் நின்று கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

"பாப்பா... ஏ சோபனா... வெயில்ல நிக்காதடி. வூட்டுக்கு வா..."

திரையில் ஒலியளவு காட்டும் பட்டைகள் சிவப்பில் போய் முட்டின. காதுக்குள் குரல் கிழிந்தது. அவன் இயர்போனைப் பிடுங்கினான்.

"இவ்ளோ சத்தம் வேணாம்ப்பா. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசற மாதிரி பேசுங்க."

"அவ பக்கத்துலயா இருக்கறா?" என்றவருக்கு இருமல் வந்துவிட்டது.

கேமராவை நிறுத்தாமல் தண்ணீர் எடுக்க ஓடினான். அவர் குடித்து முடித்ததும் சோதனையை நிறுத்தி, ஒலியைக் குறைத்து வைத்து, புதிதாகப் பதிவைத் தொடங்கினான். இயர்போனை மறுபடி எடுக்கப் போனபோது அப்பா முறைத்தார். "காதுல அது எதுக்குடா? உங்கிட்டதான் பேசறேன், செவுத்துகிட்டயா பேசறேன்?" பேசுகிற அப்பனுக்கு முன்னால் காதை அடைத்துக்கொண்டு உட்கார அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. எடுத்துக் கீழே வைத்தான்.

அப்பா நிறுத்தி நிறுத்திப் பேசினார். இந்த வருஷம் புளி உலுக்கி, கொட்டை நீக்கி, அவள் பங்கைப் பானையில் அடைத்து வைத்திருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளட்டும். "அந்தப் பையனையும் கூட்டியாரச் சொல்லு. பானைய அவ ஒருத்தியாத் தூக்க முடியாது." அவ்வளவுதான் சொன்னார். சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு இளம்பரிதி உள்ளே வந்தபோது மூச்சு அடங்கியிருந்தது.

அவளுக்கு அனுப்பலாமென்று படத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அப்பாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. துண்டில் இருந்த பச்சைப் புள்ளி சிவப்பாக இருந்தது. மைக் இணைப்பில் இருந்தபடியே ஊமையாகியிருந்தது. எப்படி ஆனது என்று மட்டும் அவனுக்குப் புரியவேயில்லை.

"வுடுண்ணா," என்றாள் சோபனா இப்போது, மரத்தடியிலிருந்து. "நான் இங்கயே நின்னு பாத்துக்கறேன்."

அவள் அழுதிருந்தாலாவது தேவலை. பழகிப்போனவள்போல் நின்றாள். அப்போதுதான் இளம்பரிதிக்கு அந்தச் சோதனைப் பதிவு நினைவுக்கு வந்தது. சோதனைக்கு எடுத்ததை அன்றே அழித்துவிடுவது அவன் வழக்கம். நேற்று அதற்கு நேரமில்லை. சிவப்பில் முட்டிக் கிழிந்த குரலை அவன் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தான். இயர்போனின் ஒரு முனையைப் பெரியப்பாவின் காதில் வைத்தான். மற்றதைத் தன் காதில் வைத்துக்கொண்டான்.

குரல் வந்ததும் மாரப்பன் திடுக்கிட்டு ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குள் தம்பி வாய் கட்டிக் கிடந்தார். காதுக்குள் பாப்பாவை வீட்டுக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இருமல். தண்ணீருக்கு ஓடும் காலடி. இளம்பரிதி நிறுத்தப் போனான். பெரியப்பா அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். அறையில் தனியாக இருந்த அப்பா தனக்குத்தானே முணுமுணுப்பது கேட்டது.

"ஆளில்லாம சும்மா எரிஞ்சிக்கிட்டு இருக்குது பாரு."

டக்கென்று ஒரு சத்தம். அதன்பின் ஒன்றும் இல்லை.

ஆளில்லாத இடத்தில் ஒரு பல்பு எரிந்தாலோ விசிறி ஓடினாலோ எழுந்துபோய் நிறுத்தாமல் அப்பாவுக்குச் சோறு இறங்காது. மைக்கின் பச்சை விளக்கையும் விடவில்லை; பொத்தானை அமுக்கியிருக்கிறார்.

"அமுத்திட்டானா?" என்றார் மாரப்பன்.

"ஆமாங்க."

"சாவற அன்னிக்கும் அந்தப் பழக்கத்த வுடல பாரு." சிரிக்கப் போனவருக்கு வாய் கோணிக்கொண்டது. துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். பிறகு பந்தலைப் பார்த்து அதட்டினார். "சின்னம்மா, அந்த அரிசிய எடுத்தா. புள்ளைக்கி வழி வுடுங்க. ஏம்ப்பா, அங்க என்ன காரப் புடிச்சிக்கிட்டு நிக்கற? நீயும் வா."

காதில் என்ன கேட்டது, யார் சொன்னது என்று சோபனா ஒன்றும் விசாரிக்கவில்லை. நடந்து வந்து கைநிறைய அரிசி அள்ளினாள். அதற்குப் பிறகு அவள் அழுததை யாராலும் நிறுத்த முடியவில்லை.

அடக்கம் முடிந்து, குளித்து, ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. எதையும் எடுத்துப் போவதுமில்லை. புளிப் பானை காரியத்துக்கு அவள் வரும்வரை இருக்கட்டும் என்று பெரியம்மா சின்னம்மாள் சொல்லிவிட்டாள். இளம்பரிதி அந்தப் பதிவைத் தங்கையின் போனுக்கு அனுப்பினான். கிழிசலைக் கொஞ்சம் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை.

புளியமரத்தடியில் காரின் கண்ணாடிகள் ஏறியிருந்தன. வண்டி கிளம்பவில்லை. மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து, எங்கோ கொல்லைமேட்டில் நிற்பவர்போல் அப்பா கூப்பிடுவது களத்துக்குக் கேட்டது. மறுபடி கேட்டது. பிறகு கார் போய்விட்டது.

வெயில் இறங்கியிருந்தது. ஊமைப் படத்தையும் அவளுக்குக் கொடுக்க வேண்டும். ஒன்றுமே கேட்காத படம் பார்க்க முடியாது; அடியில் யாரும் பேசாத அந்த அறையின் சத்தத்தையாவது சேர்க்கலாம். கல்யாண மண்டபங்களில் இதற்காகவே ஒரு நிமிஷம் எல்லோரையும் கெஞ்சிக் கெஞ்சி வாயை மூட வைப்பான். இங்கே யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கேமராவை அதே முக்காலியில், கட்டிலைப் பார்க்க நிறுத்தினான். அதன் தலை இப்படியும் அப்படியும் ஒருமுறை திரும்பிவிட்டு, முகம் எதுவும் கிடைக்காமல் நேராக நின்றது. இயர்போனை மாட்டிக்கொண்டான். விசிறி ஓடுவது கேட்டது. தூரத்தில் யாரோ மாட்டை அதட்டுவது கேட்டது. திரையில் பட்டைகள் பச்சையில் மெல்ல ஏறி இறங்கின.

நிமிஷம் முடிந்தும் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்துபோய் விசிறியை நிறுத்தினான். பட்டைகள் இறங்கின. அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் பெண்கள் ஏற்றி வைத்த விளக்கு மட்டும் சும்மா எரிந்துகொண்டிருந்தது.