துணிப்பந்து

பாஸ்போர்ட் போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று ஒரு வாடிக்கையாளரோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான், வேன்காரர் டப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் வந்தார். வேன்காரர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். டப்பா, எங்கள் வீட்டில் பிறந்து போன வருஷம் அவர் வீட்டுக்குப் போன பக் நாய். சப்பை மூக்கு, பிதுங்கிய கண், சுருட்டி ஒட்டவைத்த வால். என்னைக் கண்டால் தாய்மாமனைக் கண்ட மாதிரி துள்ளுகிற பயல், அன்றைக்கு அரைக்கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி அவர் தோளில் சாய்ந்துகொண்டான். வேன்காரருடைய கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அண்ணே, அண்ணி தச்சுக் குடுத்த பந்து தொலைஞ்சு போச்சு. இன்னொண்ணு கிடைக்குமா? நாலு நாளா இவனும் தூங்கல, எங்களையும் தூங்க விடல."

அந்தப் பந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மனைவி தையல்காரி. மகள் படிக்க வெளியூர் போனதும் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அழுது அடம்பிடித்து ஒரு பக் குட்டியை வாங்க வைத்தாள். வந்த அன்றே அது சோபாவில் ஏறி எங்கள் இரண்டு பேரையும் தரையில் உட்கார வைத்ததால் சீமாட்டி என்று பேர் விழுந்தது. சீமாட்டி இதுவரை இரண்டு ஈத்து போட்டிருக்கிறாள். மொத்தம் பதினொரு குட்டிகள். ஒவ்வொரு குட்டியையும் விற்று அனுப்பும்போது வீட்டில் ஏதோ சம்பந்தி வீட்டுக்குப் பெண்ணை அனுப்புகிற அமர்க்களம்தான். தையலில் மிஞ்சிய வெட்டுத்துணிகளைப் பொறுக்கி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பந்து தைத்து, இரண்டு நாள் சீமாட்டியின் படுக்கையில் போட்டு வைத்து, குட்டியோடு கொடுத்தனுப்புவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். "அம்மா வாசனை இருக்கும், புதுவீட்டுல அழாது" என்பாள். சொன்னது சொன்னபடி நடந்தது. பந்து வாய்க்குள் போனதும் குட்டிகள் சொக்கித் தூங்கின. அப்படித் தூங்கிய ஒரு குட்டியை நான் எடுத்த படம்தான் ஸ்டுடியோ வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. குட்டி வாங்க வந்தவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்து மயங்கி வந்தவர்கள். வேன்காரரும் அப்படி வந்தவர்தான்.

"வேற ஏதாவது பொம்மை குடுத்துப் பாக்குறதுதானே?" என்றேன்.

"குடுத்தோம்ணே. எல்லாம் பெருசா இருக்கு, நழுவிடுது. நேத்து டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போனோம்." அவர் டப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "பந்தை இவன் ஆசைக்கு வச்சுக்கலையாம்ணே. மூக்கு ஓட்டை ரொம்பச் சின்னதா இருக்காம். தொண்டைக்குள்ளயும் சதை அடைச்சுக்கிட்டு இருக்காம். தூக்கத்துல வாய் மூடிக்கிட்டா மூச்சு முட்டுது. அதான் எதையாவது கவ்வி, வாயைத் திறந்து வச்சுக்கிட்டுத் தூங்குதாம். ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க."

"திடீர்னு எப்படி வந்துச்சு?"

"திடீர்னு இல்லண்ணே. பொறப்புலயே வர்றதாம். அப்பன் ஆத்தாகிட்டேருந்து." இதை மட்டும் மெதுவாகச் சொன்னார். உடனே அவசர அவசரமாக, "நான் உங்களைக் குறை சொல்ல வரலண்ணே. தெரிஞ்சா குடுத்திருப்பீங்களா? ஆபரேஷன் வரைக்கும் பந்து ஒண்ணு வேணும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த மனுஷன் சண்டை போட்டிருக்கலாம். வாய்ச்சண்டையில் நான் லேசுப்பட்டவனில்லை, பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். சாயங்காலம் பந்தோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, வாசலில் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். மஞ்சள் பந்து, பாதி திறந்த வாய், மேலே தூக்கிய மோவாய். அன்றைக்கு அந்தக் குட்டி மூச்சுக்கு வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்குப் பார்த்து வீட்டில் விசேஷம் வேறு. நாலு மணிக்கு மாப்பிள்ளை வருகிறார். மருந்துக்கடையம்மாவின் பக் நாய், கண்காட்சியில் பரிசெல்லாம் வாங்கியவர். சீமாட்டியைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கழுத்தில் ரிப்பன் கட்டி வைத்திருந்தாள் மனைவி. தையல் மேஜையில் ஆறு நிறத்தில் வட்டம் வட்டமாகத் துணி வெட்டி அடுக்கியிருந்தது. "இன்னும் மாப்பிள்ளையே வரல, அதுக்குள்ள தொட்டில் கட்டுறியா?" என்று காலையில்தான் கிண்டல் செய்துவிட்டுப் போயிருந்தேன். இப்போது அந்தத் துணிகளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன், எனக்கு அது வராது. அவள் கைத்தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா வீட்டுல பக் இருக்கா? இந்த ஜாதின்னா குறட்டை விடத்தான் செய்யும். நீங்களும்தான் விடுறீங்க, உங்களையும் கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணிட்டு வரவா?"

"எனக்கு நீ பந்து தச்சுக் குடுக்கலையே."

வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. மிஷினுக்கு அடியில் சீமாட்டி, மோவாயை மிதிகட்டையின் ஓரத்தில் ஏற்றி வைத்து, பழைய சிவப்புப் பந்தைக் கவ்வியபடி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அது அவளுடைய நிரந்தர இடம். "இப்பப் பாருங்க" என்று என் மனைவி குனிந்தாள். என்னைத் தோற்கடித்துவிடுகிற வேகத்தில்தான் குனிந்தாள். சீமாட்டியின் தலையைத் தூக்கித் தரையில் மெத்தை மீது வைத்து, பந்தைப் பக்குவமாக உருவி எடுத்தாள்.

குறட்டை நின்றது. "பாத்தீங்களா?" என்றாள், ஜெயித்துவிட்ட குரலில்.

சீமாட்டியின் வாய் மூடியது. வயிறு உள்ளே இழுத்தது. மறுபடி இழுத்தது. காற்று போகிற சத்தமே கேட்கவில்லை. முன்னங்கால்கள் மெத்தையைப் பிராண்டின. என் மனைவி என் கையைப் பிடித்தாள். அடுத்த நொடி சீமாட்டி தொண்டை கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு துள்ளி எழுந்து, கண் பிதுங்க மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். பிறகு எங்களைப் பார்த்தாள். பார்த்ததும் வாலை ஆட்டினாள். பாவி மகள், அந்த நேரத்திலும் வாலை ஆட்டினாள்! ஆட்டிவிட்டு, எதுவும் நடக்காதது போலத் தள்ளாடிப் போய் மோவாயைத் திரும்பவும் மிதிகட்டையில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

என் மனைவி அந்த மிதிகட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சீமாட்டி தலை வைத்துப் படுத்தால் இவள் மிஷினை ஓட்ட மாட்டாள். எத்தனை அவசரத் தையல் இருந்தாலும் காலைத் தூக்கிக்கொண்டு கைத்தையல் போடுவாள். வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்குவாள்.

"என் காலை விட்டுப் பிரிய மனசில்லாம படுக்குதுன்னு நெனச்சேனே" என்றாள்.

"அதுக்காகவும்தான்" என்றேன். பொய்யில்லை. சீமாட்டிக்கு அவள்மேல் உயிர்.

அவள் கைப்பேசியை எடுத்தாள். குட்டி வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்திருக்கிற குழு ஒன்று உண்டு. அதில் தூங்குகிற படங்களுக்குத்தான் மவுசு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தன் வாயில் குழந்தையின் காலுறை. ஒருத்தி நாற்காலிக் காலைக் கவ்வியபடி தூங்குகிறாள். ஒன்றின் வாயில் பிய்ந்துபோன பச்சைப் பந்து, பாதி பஞ்சு வெளியே. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவளே சிரிப்பும் முத்தமுமாகப் போட்டுத் தள்ளியிருந்தாள். தள்ளிக்கொண்டே வந்தவள் ஏழாவது படத்தோடு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"இந்தத் தடவை ஒண்ணை நாமே வச்சுக்கலாம்னு இருந்தேங்க" என்றாள். "இவளுக்கும் வயசாகுது. நாளைக்கு இவ போயிட்டா, இவளோடதுன்னு சொல்ல ஒண்ணு வேண்டாமா? ஒரே ஒரு தடவைதானே. ஒண்ணாவது நல்லா மூச்சு விடுற குட்டியா பொறக்காதா?"

"பொறக்கலாம்."

"மத்ததெல்லாம்?"

வாயைத் திறந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தொலைத்துவிடுவேன் என்று பயந்து சும்மா இருந்தேன். வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டால் அவள் கேட்டுக்கொள்வாள், ஆனால் ஆயுசுக்கும் அது நான் சொன்னதாகவே இருக்கும்.

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிவப்புப் பந்தை என் கையில் வைத்தாள். "இதை டப்பாவுக்குக் குடுத்துடுங்க. புதுசு தச்சா அம்மா வாசனை இருக்காது. பாவம், நாலு நாளா தூங்கலையாமே."

"சீமாட்டிக்கு?"

"தச்சுக்கிறேன். அதுவரைக்கும் நான் இருக்கேன்ல." சொல்லிக்கொண்டே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சீமாட்டியின் தலையை மடியில் ஏற்றி, பற்களுக்கு நடுவில் தன் இரண்டு விரல்களை வைத்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். சீமாட்டி அவற்றை மெல்லக் கவ்விக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். ஒரு நிமிஷத்தில் குறட்டை கிளம்பியது.

அழைப்பு மணி அடித்தது. மணி நாலாகியிருந்தது.

என் மனைவி மேஜையில் இருந்த ஆறு துணி வட்டங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நான் எந்திரிச்சா இவ முழிச்சுக்குவா" என்றாள். "நீங்களே போய்..." பாதியில் நிறுத்திவிட்டு, மற்றக் கையால் சீமாட்டியின் கழுத்து ரிப்பனை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். மருந்துக்கடையம்மா பட்டுப்புடவையில், நெஞ்சோடு அணைத்த மாப்பிள்ளையோடு நின்றிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு. நான் வாயெடுக்கும் முன்பே விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

"சத்தம் போடாதீங்க சார்" என்றார் ரகசியக் குரலில். "மாப்பிள்ளை அசந்து தூங்குறாரு."

மாப்பிள்ளையின் வாயில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ரப்பர் வாத்து இருந்தது.