உயிரோடிருப்பவருக்கு ஒரு நினைவுப் பெஞ்சு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் எழுதிய ஒரு கடிதத்தில் பிறந்தது. ரயில் நிறுவனத்துக்கு, மார்ச் ஒன்பதாம் தேதி, நான்கு பத்தி. நகல் என் கோப்பில் இருக்கிறது. அந்தக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில், உயிரோடிருக்கும் ஒரு மனிதரை மிகுந்த மரியாதையோடு சாகடித்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஊரான ஓக்கர்டனில் யாரும் எதையும் வேண்டுமென்று செய்வதில்லை.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. ரயில் நிலையத்தின் நூற்றறுபதாம் ஆண்டுக்காக எங்கள் வரலாற்றுச் சங்கம் ஒரு சிறு புத்தகம் போடுகிறது. 'ஊரின் வரலாறும் குணமும்' என்ற அத்தியாயம் என் தலையில் விழுந்தது. புத்தகத்தின் பதிப்பாசிரியர் ஜில்லியன் ஆஸ்பினல். லண்டனில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. தினமும் காலை 7.14 வண்டி. நானும் அதே வண்டிதான். அத்தியாயம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. எங்கே தடம் மாறியது என்று இப்போது வரிசையாகப் பார்க்கிறேன்.

2.

தொடக்கம் அ: "பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாரச்சந்தை கூட்ட அரச அனுமதி பெற்ற ஓக்கர்டன்" — (சந்தை கூடவே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் ஆட்சேபித்தார்கள்.)

தொடக்கம் ஆ: "ஆற்றங்கரையில் எழிலுடன் அமைந்த" — (ஆற்றை 1922-இல் குழாய்க்குள் விட்டுவிட்டோம். வங்கிக்கு அடியில் ஓடுகிறது. வங்கியையும் போன வருடம் மூடியாயிற்று.)

தொடக்கம் இ: "ஓக்கர்டனின் வரலாறு ஆட்சேபனைகளின் வரலாறு."

இதை அடிக்க மனம் வரவில்லை. ஆதாரம் கேட்பீர்கள், தருகிறேன். 1863: ஊருக்குள் ரயில் வரக் கூடாது என்று பாதிரியார் தலைமையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். அதனால் நிலையத்தை ஒன்றரை மைல் தள்ளிப் பள்ளத்தில் கட்டினார்கள். இருபதே வருடத்தில் ஊர் முழுக்க மேட்டிலிருந்து இறங்கி நிலையத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. மேலே தேவாலயமும் பாதிரியாரும் மட்டும் மிச்சம். 1964: ரயிலை நிறுத்தக் கூடாது என்று நாலாயிரம் கையெழுத்து. முதல் கையெழுத்து அந்தப் பாதிரியாரின் கொள்ளுப்பேரனுடையது. 1987: ஹேசல் வயலில் வீடுகள் கட்டக் கூடாது. கட்டிவிட்டார்கள். போன வருடம், அதற்கு அடுத்த வயலில் வீடு கட்டக் கூடாது என்று ஓர் இயக்கம் தொடங்கியது. அதன் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஹேசல் வயல் வீடுகளில் குடியிருப்பவர்கள்.*

* செயலாளர் நான். வீட்டு எண் 14.

3.

வரலாறு ஆயிற்று. இனி குணம்.

எங்கள் ஊர்க்காரரிடம் காகிதத்தைக் கொடுத்தால் பக்கத்து வீட்டு வேலியின் உயரத்தைப் பற்றி ஐந்து பக்கம் எழுதுவார். அதே பக்கத்து வீட்டுக்காரரை வாசலில் பார்த்தால் "மழை வரும்போல இருக்கே" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பேச்சு என்பது எங்களுக்குக் கைமாற்றாக வாங்கும் பொருள். திருப்பித் தரவேண்டி வருமோ என்ற பயம் எப்போதும் உண்டு.

பிளாட்பாரத்தில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. வண்டியின் கதவு வந்து நிற்கும் இடங்கள் அவை. யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை, ஆனால் மாற்றி நின்றால் அன்றைய நாளே கெட்டுவிடும். ரோஜர் தன் மடக்கு சைக்கிளோடு இரண்டாம் விளக்கடியில். நான் கடிகாரத்துக்குக் கீழே. நான்காம் விளக்கடியில் பழுப்பு மேல்கோட்டு போட்ட ஒருவர். அவருக்கு இடப்பக்கம் ஜில்லியன்.

பத்தொன்பது வருடம் அப்படி நின்றார்கள். அவர் பெயர் ஜில்லியனுக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் தெரியாது. முதல் வாரத்திலேயே கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு கேட்டால், இத்தனை நாள் கேட்காமல் இருந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

(இந்த இடத்தில் "மௌனம் ஒரு நதியைப் போல அவர்களிடையே" என்று ஒரு வரி எழுதினேன். நதி குழாய்க்குள் போன கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டதால் எடுத்துவிட்டேன்.)

4.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நிலைய வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மறுநாள் காலை நான்காம் விளக்கடி காலி. அடுத்த வாரமும் காலி. யாரும் யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ரோஜர் அந்தக் காலி இடத்தைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். அவ்வளவுதான். அந்தத் தலையாட்டல் பெட்டி பெட்டியாகப் போயிற்று. வண்டி லண்டன் சேர்வதற்குள் அவருக்கு எல்லாச் சடங்கும் முடிந்திருந்தது.

அன்று மாலை ஜில்லியன் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். காலி இருக்கைகள் இருந்தும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால், ஏதோ பெரிய விஷயம் என்று புரிந்தது.

"நீங்க நல்லா லெட்டர் எழுதுவீங்கன்னு கேள்வி."

"சுமாரா எழுதுவேன். எதைப் பத்தி?"

"அவரு நினைவா ஒரு பெஞ்சு போடணும். நாலாம் விளக்குக்கிட்ட."

"பேரு?"

ஜில்லியன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர் இருக்கையிலிருந்து ரோஜர்தான் காப்பாற்றினார். "பேரு வேணாங்க. அடக்கமான மனுஷன். பேரு போட்டா அவருக்கே பிடிக்காது."

எழுதினேன். ரயில் நிறுவனம் ஐந்தே வாரத்தில் அனுமதி கொடுத்தது. உயிரோடிருப்பவர்களுக்காக நான் எழுதும் கடிதங்களுக்கு இந்த வேகத்தைக் கண்டதில்லை. ஏப்ரல் கடைசி வெள்ளி, 7.02 மணிக்குத் திறப்பு. பித்தளைத் தகட்டில்: "இவ்விடத்தில் நின்றிருந்த ஒரு நல்ல மனிதரின் நினைவாக. உடன் பயணிகள்."

ஜில்லியன் பேசினார். வானிலை பற்றித்தான் ஆரம்பித்தார்.

"மழை பேஞ்சா அவரு குடையை லேசா என் பக்கம் சாய்ப்பாரு. என்னைப் பார்க்க மாட்டாரு, சாய்க்க மட்டும் சாய்ப்பாரு. என் வலது தோள் நனையாது, அவரோட வலது தோள் நனைஞ்சிடும். பத்தொன்பது வருஷத்துல ஒரு நாள்கூட நான் நன்றின்னு சொன்னதில்லை. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு..."

அதற்கு மேல் முடியவில்லை. எல்லார் எதிரிலும் அழுதார். நாங்கள் உதவினோம்: அதாவது, எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

5.

மே பன்னிரண்டு, திங்கட்கிழமை. பழுப்பு மேல்கோட்டு படிக்கட்டில் இறங்கி வந்தது. கையில் ஊன்றுகோல் ஒன்று கூடுதல்.

தன் இடத்தில் பெஞ்சு இருப்பதைப் பார்த்து நின்றார். குனிந்து தகட்டைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

அன்று மாலை, நிலையத்தில் காபிக்கடை வைத்திருக்கும் டெனிஸ் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள். பெஞ்சு திறந்தபோது அவள் விடுமுறைக்கு டெனரீஃப் தீவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு, அந்தப் பெஞ்சு யாருக்கு?"

"நாலாம் விளக்குக்காரருக்கு."

"லெஸ்லிக்கா?"

"லெஸ்லி யாரு?"

"அட, நல்லா இருக்கே! எட்டு வருஷமா அவரு கப்புல நான்தான் பேரு எழுதிக் குடுக்கறேன். முட்டி ஆபரேஷன், மூணு மாசம் வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தானே போனாரு. அன்னிக்கு ஆம்புலன்ஸ் வந்தது வேற யாருக்கோ."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ!"

"கேட்டீங்களா யாராவது? தெனம் வரிசையில நிக்கறீங்க, 'பால் கொஞ்சமா'ங்கறதுக்கு மேல வாயைத் திறக்கறதில்லை. இப்ப அவரு வந்து என்கிட்ட என்ன சொல்றாரு தெரியுமா? 'டெனிஸ், நானும் அதே எடத்துலதானே நின்னேன், இப்படி ஒருத்தரு பக்கத்துல இருந்ததை ஒரு நாள்கூட கவனிக்கலையே'ன்னு கண்ணு கலங்கறாரு!"

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தைச் சொல்ல? வாயில கேக்கை அடைச்சுக்கிட்டேன்."

அடுத்த திங்கள் லெஸ்லி தன் தோட்டத்துப் பூக்களோடு வந்தார். பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, கைக்குட்டையால் தகட்டைத் துடைத்தார். முட்டி வலிப்பதால் வலது ஓரத்தில் மரியாதையாக ஒண்டி உட்கார்ந்தார். ஜில்லியன் பிளாட்பாரத்தின் மறுகோடிக்கு, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். அன்றிலிருந்து அங்கேதான்.

"அவருகிட்ட சொல்லியாகணும்," என்றார் ரோஜர்.

"யாரு சொல்றது?"

"யாராவது."

யாராவது யார் என்று முடிவு செய்ய ஒரு குழு அமைத்தோம். மூன்று கூட்டம் நடந்தது. கடிதமாக எழுதிவிடலாம் என்று தீர்மானம். வரைவு என் பொறுப்பு: "அன்புடையீர், தாங்கள் மறைந்தது தொடர்பாக" —

(அந்த வாக்கியம் இன்னும் அங்கேயே நிற்கிறது.)

6.

இப்போது ஜூலை. வெள்ளிக்கிழமையோடு ஜில்லியனுக்குப் பணி ஓய்வு. அதற்குப் பிறகு கார்ன்வாலில் தங்கை வீட்டோடு போய்விடுகிறார். 7.14-இல் அவர் ஏற இன்னும் இரண்டே காலைகள்தான் பாக்கி.

புதன்கிழமை மாலை என் அத்தியாயத்தின் அச்சுப்படியோடு வீட்டுக்கு வந்தார். ஓரங்களில் பென்சில் திருத்தம். ஹேசல் வயல் பற்றிய வரிக்கு ஒரு கேள்விக்குறி. பெஞ்சு பற்றிய பத்திக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"இதுல ஒரு வரி சேர்க்கணும்," என்றார். டீயைத் தொடவில்லை.

"சொல்லுங்க."

"நான் அவருகிட்ட பேசினேன்னு எழுதிடுங்க."

"பேசிட்டீங்களா?"

"இல்லை. எழுதிட்டா பேசின மாதிரிதானே? உங்க லெட்டர்லதானே அவரு செத்தாரு. உங்க புத்தகத்துல நான் பேசிட்டுப் போறேனே."

இருபத்தேழு வருடமாகக் கடிதம் எழுதுகிறேன். இப்படி ஓர் அடி என் எழுத்துக்கு விழுந்ததில்லை.

"என்ன பேசினீங்கன்னு எழுதறது? குடைக்கு நன்றின்னா?"

"அது போதாது."

"வேற என்ன?"

"தெரிஞ்சா நானே சொல்லியிருக்க மாட்டேனா?" மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுல எனக்குப் பேச ஆள் கிடையாது. காலையில பன்னண்டு நிமிஷம் ஒருத்தர் பக்கத்துல நின்னாரு. அதை வச்சுக்கிட்டுத்தான் நாளை ஓட்டினேன். செத்துட்டாருன்னு நினைச்சப்ப ஊரே பார்க்க அழுதேன். உயிரோட வந்ததும் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னாடி ஒளியறேன். இது என்ன புத்தி, நீங்களே சொல்லுங்க."

"ஓக்கர்டன் புத்தி."

சிரித்துவிட்டார். பிறகு எழுந்து, "எழுதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

7.

எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: ஜில்லியன் லெஸ்லியிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறார். லெஸ்லி சிரிக்கிறார். இருவரும் ஒரே குடையில் — (ஜூலை. மழையே இல்லை. வானிலைத் துறையையும் நான் ஏமாற்ற வேண்டுமா?)

முடிவு ஆ: லெஸ்லிக்கு முதல் நாளே தெரியும். யாராவது வந்து சொல்லட்டும் என்றுதான் திங்கள் தோறும் பூ வைக்கிறார். இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே சந்தேகம் வந்தது. ஜில்லியன் எடுத்துவைக்க வேண்டிய அடியை லெஸ்லியின் காலில் கட்டிவிடும் வேலை இது. அந்தக் காலுக்கு இப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

முடிவு இ: ஜில்லியன் பேசாமலே கார்ன்வால் போய், அங்கிருந்து ஒரு கடிதம் எழுதுகிறார். எங்கள் ஊருக்கு இதுதான் மிகப் பொருத்தம். எழுதி முடித்து, கிழித்தேன். இன்னொரு கடிதம் வேண்டாம். நான் எழுதிய ஒன்று செய்தது போதும்.

அச்சகத்துக்கு அத்தியாயத்தை அந்த வரி இல்லாமல் அனுப்பிவிட்டேன். வியாழன் மாலை வண்டியில் ஜில்லியனிடம் அதைச் சொன்னேன். கடிதமாக இல்லை, வாயால்.

"சேர்க்கலை. நடக்காததை இன்னொரு தடவை எழுத எனக்குத் தைரியம் இல்லைங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "நாளைக்கு எந்தக் கோட்டு போட்டுக்கறது?" என்று கேட்டார். நீலம் என்று சொல்லிவைத்தேன்.

8.

வெள்ளி. மணி 7.06. கடிகாரத்துக்குக் கீழே என் இடத்தில் நிற்கிறேன்.

லெஸ்லி பெஞ்சின் வலது ஓரத்தில். ஜில்லியன் நீலக் கோட்டில் படியிறங்கினார். சைக்கிள் கொட்டகைப் பக்கம் இரண்டடி வைத்தார். நின்றார். திரும்பினார். வந்து பெஞ்சின் இடது ஓரத்தில், விளிம்பில், உட்கார்ந்துவிட்டார். ரோஜர் சைக்கிளை மடக்குகிறார், விரிக்கிறார், மறுபடி மடக்குகிறார்.

அது மூன்று பேர் உட்காரும் பெஞ்சு.

இத்தனை நேரம் இதைப் படித்துக்கொண்டு எங்கே இருந்தீர்கள் என்று நீங்கள் யோசிக்கவே இல்லை, இல்லையா? நடுவில்தான். இருவருக்கும் இடையில், மடியில் இந்தப் பக்கங்களை விரித்துக்கொண்டு.

மணி 7.09. ஜில்லியன் வாயைத் திறந்தார். உங்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அந்நியர் எதிரில் அவர் எப்படிப் பேசுவார்? லெஸ்லியும் என்ன ஏது என்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். அவர் கண்ணிலும் முதலில் படுவது நீங்கள்தான். வண்டி இன்றைக்கென்று பார்த்துச் சரியான நேரத்துக்கு வருகிறதாம், இப்போதுதான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

தயவுசெய்து கொஞ்சம் எழுந்திருங்கள்.