ஆணியில் தொங்கிய தொப்பி

“பெரியம்மா, உங்களுக்கு நெஞ்சுல ஒரு பக்கம் மட்டும் ஏன் படுத்துத் தூங்குது?” என்று கேட்டபோது தங்கை மகளுக்கு நாலு வயது. வெர்லா சிரித்துத்தான் வைத்தாள். ஆனால் அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை எடுத்த பிறகு, பிறர் பார்க்க அவள் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

இந்த அக்டோபரில் இறங்கியே தீருவது என்றுதான் கிழக்கு ஒரிகானின் மேட்டுப் பாலைவனத்துக்கு வந்திருந்தாள். சேஜ் என்னும் சாம்பல் நிறப் புதர்களுக்கு நடுவே சில மரக்குடில்கள், ஒரு வெந்நீர்க் குளம், சற்றுத் தள்ளி வேலியடைத்து, ஒருவர் மட்டும் ஊறுவதற்கான வெந்நீர்த் தொட்டி. குளத்தில் யாரும் துணியோடு இறங்குவதில்லை. தனிமை வேண்டுகிறவர்கள் தொட்டியின் வேலிக் கதவில் இருக்கும் ஆணியில் தங்கள் பொருள் ஒன்றை மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். அது தொங்கும்வரை வேறு யாரும் கதவைத் தொடமாட்டார்கள்.

முதல் நாள் குளக்கரையில் ஸ்வெட்டரை இறுக்கிக்கொண்டு பாதத்தை மட்டும் நனைத்தாள். மறுநாளிலிருந்து விடிந்ததும் தொட்டிக்குப் போனாள். போனபோதெல்லாம் ஆணியில் ஒரு வைக்கோல் தொப்பி. ஓசைப்படாமல் திரும்பிவிடுவாள். நாளை ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

கடைசி இரவுச் சாப்பாட்டில், அங்கே தங்கியிருந்த ஓப்பல் எதிரே வந்து உட்கார்ந்தாள். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவள், உரத்த குரல்.

“தொட்டித் தண்ணி எப்படிம்மா? உடம்பு இதமா இருக்கா?”

“நான் எங்கங்க இறங்கினேன்? எப்பப் போனாலும் யாரோ தொப்பிய மாட்டிட்டு ஊறிட்டிருக்காங்க. இந்நேரம் தோலே உரிஞ்சிருக்கும்.”

ஓப்பலின் கரண்டி சூப்பிலேயே நின்றது.

“அடிப்பாவி! அது என் தொப்பி! உனக்குன்னு இடம் பிடிச்சு வச்சேன்!”

“அப்ப உள்ள யாருமே இல்லையா?”

“ஈ காக்கா இல்ல. உன்னோட சேர்த்து எல்லாரும் மரியாதையா திரும்பிப் போயிருக்கீங்க.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“குளக்கரையில நீ ஸ்வெட்டரப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்ததப் பார்த்தேன். கேட்டா கூசிப்போவியேன்னு விட்டுட்டேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையா நாசூக்கா நடந்துக்கப் பார்த்தேன், பாரு லட்சணத்தை!”

வெர்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“காலைல கதவத் தள்ளிட்டுப் போ. தொப்பி கடிக்காது.”

விடிந்ததும் தள்ளினாள். கழுத்துவரை அமிழ்ந்தபோது, நல்லவர் பொல்லாதவர் பார்க்காமல் பூமிக்கடியில் இதைக் காய்ச்சி வைத்தவனுக்கு நன்றி சொன்னாள். ஓப்பலின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து, துண்டை வேலியிலேயே விட்டுவிட்டு, நிமிர்ந்து நடந்து பெரிய குளத்தில் இறங்கினாள். அங்கிருந்த வயதான தம்பதி நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அங்க ஆறிப்போயிருக்கும். இந்தப் பக்கம் வாங்க,” என்று அந்த அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருஷம் பயந்தோம் என்றிருந்தது வெர்லாவுக்கு.

அவள் கிளம்பும்போது ஓப்பல் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். வெந்நீர்க் குளத்தின் ஆவி வண்டிகளின் மேல் படிந்து, தடித்த பனியாக உறைந்திருந்தது. வெர்லா தன் வண்டிக் கண்ணாடியில் பனியைச் சுரண்டி முடித்ததும் ஓப்பலின் வண்டிக்குப் போனாள். முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள், பின்னால் விளக்குகள் எல்லாவற்றையும் பொறுமையாகச் சுரண்டி, கைக்குட்டையால் துடைத்தாள். விரல்கள் மரத்துப்போயின. பிறகு யாரையும் எழுப்பாமல் தன் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு சாலைக்கு வந்தாள்.