பூஜ்யம் விநாடி

ஆபீசில் அவனுக்கு மேதாவி என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ஆறு வருஷமாகிறது. மனிதர்களை அவன் இரண்டு வகையாகப் பிரித்திருந்தான்: புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள், தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறவர்கள். தன்னை எதிலும் சேர்க்கவில்லை.

அன்று காலை அவன் எதிரில் நின்ற மச்சினி முதல் வகை. அதே வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறவள். அவன் சிபாரிசில் சேர்ந்தவள் என்பதால் இளக்காரத்தில் அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு.

"போன்ல பேசின கஸ்டமரைக் கழுதைன்னு நான் சொல்லவே இல்ல மாமா. ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேளுங்க."

"கேட்க என்ன இருக்கு? காலி."

திரையை அவள் பக்கம் திருப்பினான். ஒலிக் கோப்பை மெமரிக்குள் படித்து, எத்தனை விநாடி பேச்சு என்று சொல்லும் புரோகிராம் அவன் கைப்பட எழுதியது. 'பூஜ்யம் விநாடி' என்று அது பிசிறில்லாமல் சொன்னது. மேனேஜரும் அதைத்தான் பார்த்திருந்தார். புகார் கொடுத்த வாடிக்கையாளரைத் திட்டிவிட்டு, ரெக்கார்டிங்கை அழித்தும்விட்டாள் என்பது அவர் தீர்ப்பு. பன்னிரண்டு மணிக்குள் ஆதாரம் காட்டாவிட்டால் அவள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். மணி பதினொன்றே கால்.

"அழிக்க எனக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாதுதான். தெரியாமலே அழிக்கிற திறமை உங்க குடும்பத்துக்கே உண்டு. உங்கக்கா என் போனை ரெண்டு தடவை துடைச்செடுத்திருக்கா."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"காலின்னா ஃபைல் சைஸ் ஏன் ஒன்பது எம்பின்னு காட்டுது?"

மேதாவிக்குச் சுருக்கென்றது. தன் புரோகிராமைத் திறந்து பார்த்தான்.

ஒலிக் கோப்பின் தலைப்பகுதியில், பின்னால் வரும் ஒலி எவ்வளவு நீளம் என்று ஓர் எண் இருக்கும். அவன் புரோகிராம் அந்த எண்ணைப் படித்து, அந்த அளவுக்கு மெமரியில் இடம் பிடித்து, அந்த அளவுக்கு மட்டும் படிக்கும். ரெக்கார்டரோ அந்த எண்ணைக் கடைசியில்தான் எழுதும், அதுவும் அழைப்பு ஒழுங்காக முடிந்தால். லைன் நடுவில் அறுந்தால் முதலில் போட்ட பூஜ்யம் அப்படியே நிற்கும். இவன் புரோகிராம் பூஜ்யத்தைப் பார்த்து, பூஜ்யம் இடம் பிடித்து, ஒன்றுமே படிக்காமல், வேலை முடிந்ததென்று காலாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வீட்டுக்குள் ஆள் கத்துவது காதில் விழுந்தும், வாசலில் 'யாரும் இல்லை' என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிவிடுகிற தபால்காரனைப் போல.

"லைன் பாதியில கட் ஆச்சா?"

"வந்ததும் அதைத்தானே சொன்னேன்? காதுல வாங்கினீங்களா?"

இரண்டு வரியை மாற்றினான். எண்ணை நம்பாதே, கோப்பு முடியும்வரை படி. முதல் வருஷ மாணவன்கூட எழுதியிருப்பான்.

ஸ்பீக்கரில் ஆண் குரல் ஒன்று வெடித்தது.

"மெஷின் குலுங்கிக் குலுங்கி ரூம் முழுக்க நடந்து போகுது, நீ தரை சமமா இருக்கான்னு கேக்குற. நான் என்ன கழுதையா?"

"இல்லைங்க சார். அப்படி நான் நினைக்கவே இல்லைங்க சார்."

நாலே முக்கால் நிமிஷம். எண்ணி முடியாத 'சார்'. சத்தம் கேட்டு வந்த மேனேஜர் கடைசிவரை நின்று கேட்டார்.

"அப்போ யார் தப்பு?"

ரெக்கார்டர் என்று சொல்லலாம். பாதி உண்மை; ரெக்கார்டர் மறுத்தும் பேசாது. மச்சினி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தப்பு சார்."

ஓடாத மெஷினைப் பார்ப்பதுபோல் மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ போய் சீட்ல உட்காரும்மா" என்றார் அவளிடம்.

அவள் நகரவில்லை.

"போன மாசம் இதே மாதிரி காலின்னு சொல்லி ரெண்டு பேரை வேலையை விட்டு அனுப்பினீங்களே, அது?"

மேனேஜருக்குத் திடீரென்று ஃபேனைப் பார்க்கத் தோன்றியது.

"அந்த ரெண்டு ரெக்கார்டிங்கையும் படிங்க மாமா." அந்த மாமாவில் உறவு இருந்தது, மரியாதை இல்லை.

படித்தான். இரண்டிலும் பேச்சு இருந்தது. இரண்டிலும் திட்டு இருந்தது, திட்டியது வாடிக்கையாளர். இரண்டாவது பெண் நடுவில் ஒருமுறை தழுதழுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி "சொல்லுங்க சார்" என்றாள். மேதாவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அதில் தூசி இல்லை.

மச்சினி அந்தப் பெண்ணின் நம்பரைப் போட்டு போனை அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க. யார் தப்புன்னும் சேர்த்து."

முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள்.