கடப்பாரையின் வீடு

படகுத்துறைத் தெருவில் இருந்த பழைய கட்டடங்களையெல்லாம் இடித்துத் தள்ளியவர் ஒரே ஆள்தான். இடிப்பு வேலைக்கு ஒப்பந்தம் எடுப்பவர். ஊரே அவரைக் கடப்பாரை என்றுதான் கூப்பிடும். அவரும் திரும்பிப் பார்ப்பார். ஒவ்வொரு கட்டடம் விழும்போதும் எதிரில் கொடி பிடித்து நின்றவர் அவர் மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டுவிட்டு, மத்தியானம் தங்கை வீட்டுக்கே சாப்பிட வந்துவிடுவார். மச்சானுக்குக் கடப்பாரையே பரிமாறுவார். தொழில் வேறு, உறவு வேறு.

கடப்பாரைக்கு ஒரு பலவீனம் இருந்தது. நல்ல மரத்தையும் நல்ல இரும்பையும் தூக்கிப்போட மனசு வராது. சுங்க அலுவலகத்தின் இரட்டைக் கதவு, தானியக் கிடங்கின் தூண்கள், கப்பல் ஏஜெண்ட் ஆபீஸின் சுழல் படிக்கட்டு என்று எல்லாவற்றையும் வைத்துத் தன் வீட்டைக் கட்டிக்கொண்டார். வீடா இது, கிடங்கா என்று மனைவி முணுமுணுத்தாள். அந்தப் படியில் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும்.

தெருவில் கடைசிக் கட்டடமும் போன பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. பழம்பெருமையில் மிச்சம் எங்கே என்று அதிகாரிகள் தேடினார்கள். வாத்தியார் யோசிக்கவே இல்லை. நேரே தங்கை வீட்டுக்கு அழைத்து வந்தார். தூணைத் தட்டினார்கள், கதவைத் தடவினார்கள், போட்டோ எடுத்தார்கள். கொஞ்ச நாளில் வாசல் சுவரில் பித்தளைப் பலகை ஏறியது: பாதுகாக்கப்பட்ட கட்டடம். இனிக் கூரையில் ஓர் ஓடு மாற்றுவதானாலும் அனுமதி வேண்டும்.

மனைவிக்கு மூட்டுவலி வந்தது. சுழல் படியை எடுத்துவிட்டு நேர்ப்படி வைக்கலாமா என்று கேட்டதற்கு, கூடவே கூடாது என்றார்கள். விடுமுறை நாட்களில் முன்பின் தெரியாதவர்கள் படுக்கையறை வரை வந்து செல்ஃபி எடுத்தார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது கடப்பாரை மெதுவாகக் கேட்டார். "மச்சான், அத்தனை போராட்டம் பண்ணீங்களே. அதுல ஒண்ணுலயாவது ஜெயிச்சிருந்தா என் வீடு தப்பிச்சிருக்கும் இல்ல?"

வாத்தியார் தலை நிமிரவில்லை. "வாழ்க்கையில இந்த ஒண்ணுலதான் ஜெயிச்சிருக்கேன், மாப்பிள்ளை. இதையும் விட்டுக்கொடுக்கச் சொல்றீங்களா?"

அன்று பரிமாறிக்கொண்டிருந்த தங்கை மறுபடி சோறு போட வரவே இல்லை.

கடைசியில் சாவியை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டு, லிஃப்ட் உள்ள இடமாகத் தேடினார்கள். கிடைத்தது படகுத்துறைத் தெருவில்தான். சுங்க அலுவலகம் இருந்த மனையில் எழும்பிய அடுக்குமாடியில். குடிபோன அன்று கடப்பாரை ஒவ்வொரு சுவராக விரலால் தட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இதை இடிக்க ஒரு காலைப்பொழுது போதும்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தார்.